ஆற்றுப்படுத்துவோரின் தகுதி: பகுதாது முதல் ஏர்வாடி வரை

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் நோக்கிச் செல்லும் வழியில் பிரம்மதேசம் என்றோர் ஊர் உண்டு. அதே விழுப்புரம் மாவட்டத்தில், எண்ணாயிரத்துக்கு அருகே, அதே பெயருடைய மற்றோர் ஊரும் உண்டு. முன்னதைச் சூழ்ந்த நிலம் சங்க இலக்கியத்தில் இடம்பெற்ற நிலம். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையின் தலைவன் ஓய்மான் நல்லியக்கோடன் ஆண்ட நாடு இது. அவனுடைய கிடங்கில் இன்றைய திண்டிவனத்தைச் சேர்ந்தது. அவனுடைய எயிற்பட்டினமே இன்றைய மரக்காணம் என்று ஆய்வாளர் கருதுவர். வள்ளலிடம் சென்று பரிசில் பெற்று மீண்ட பாணன் ஒருவன், வறுமையில் வாடி எதிரே வரும் மற்றொரு பாணனுக்குச் செல்ல வேண்டிய வழியையும் தங்க வேண்டிய ஊர்களையும் எடுத்துரைத்து அனுப்பி வைப்பதே ஆற்றுப்படை. வழி சொல்பவன் தானே அவ்வழியில் நடந்து மீண்டவனாக இருத்தல் வேண்டும் என்பது அவ்விலக்கிய வகையின் அடிப்படை.

மனம் நொந்தவர்க்கு ஆலோசனை கூறித் தேற்றும் பணியாளரை இன்று அரசு அலுவலகங்களும் மருத்துவமனைகளும் ‘ஆற்றுப்படுத்துநர்’ என்று அழைக்கின்றன. பழந்தமிழ்ச் சொல்லை எடுத்துப் புதிய பணிக்குச் சூட்டியவர்கள் நல்ல காரியமே செய்தார்கள். ஆனால் அச்சொல்லோடு சேர்ந்து ஒரு கேள்வியும் வருகின்றது. இன்று நமக்கு வழி சொல்ல முன்வருபவர் அவ்வழியை அறிந்தவர்தாமா? அறிந்தவர் என்று சான்று அளித்தவர் யார்? தவறான வழியில் அனுப்பிவிட்டால் அதற்குப் பொறுப்பேற்பவர் யார்?

இக்கேள்வி புதிதன்று. ஆயிரத்துத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே பகுதாது நகரில் எழுந்த கேள்விதான் இது.

ஹிஜ்ரி 319, அதாவது கி.பி. 931-ஆம் ஆண்டு. அப்பாசியக் கலீபா முக்ததிரின் ஆட்சிக் காலம். வைத்தியர் ஒருவருடைய பிழையால் நோயாளி ஒருவர் இறந்துபோனார் என்ற செய்தி கலீபாவின் செவிக்கு எட்டியது. உடனே அவர் சந்தைகளையும் தொழில்களையும் கண்காணிக்கும் அதிகாரியாகிய முஹ்தஸிபுக்கு ஓர் ஆணை பிறப்பித்தார். தலைமை மருத்துவர் ஸினான் இப்னு தாபித்திடம் தேர்வு பெற்றுச் சான்று வாங்காத எவரும் இனி நகரில் வைத்தியம் செய்தல் கூடாது என்பதே அந்த ஆணை. பேரும் புகழும் பெற்றோரும் அரசுப் பணியில் இருந்தோரும் நீங்கலாக, 860-க்கும் மேற்பட்டோர் அத்தேர்வுக்கு உட்பட்டனர் என்று மருத்துவர்களின் வரலாற்றை எழுதிய இப்னுல் கிஃப்தி முதலானோர் குறித்துள்ளனர். தேர்வாளர் ஸினான் சாபியீன் சமயத்தில் பிறந்தவர் என்பதும் கருதத்தக்கது. கலீபா அவரிடம் நாடியது அவருடைய கல்வியையே.

அத்தேர்வைப் பற்றிய சுவையான நிகழ்ச்சி ஒன்றும் அந்நூல்களில் காணப்படுகின்றது. கண்ணியமான தோற்றமுடைய முதியவர் ஒருவர் ஸினானிடம் வந்தார். அவரை மதித்து அருகே அமர்த்திய ஸினான், அவருடைய கல்வியைப் பற்றி வினவினார். முதியவரோ பொற்காசுகளை எடுத்து முன்னே வைத்துத் தமக்கு நன்றாக எழுதப் படிக்கவும் வராது என்பதை ஒப்புக்கொண்டார். இத்தொழிலே தம் குடும்பத்தின் பிழைப்பு என்றும், அதைக் கெடுத்துவிட வேண்டாம் என்றும் வேண்டினார். ஸினான் சிரித்துவிட்டு அனுமதி அளித்தார். ஆனால் ஒரு நிபந்தனை விதித்தார். தெரியாத நோயில் கை வைத்தல் கூடாது. எளிய நோய்களுக்கன்றி இரத்தம் எடுத்தலோ பேதி கொடுத்தலோ கூடாது. சர்பத்துப் போன்ற எளிய மருந்துகளைத் தாண்டித் தாம் என்றுமே சென்றதில்லை என்று முதியவர் விடை கூறினார். மறுநாள் ஓர் இளைஞர் வந்தார். ‘யாரிடம் கற்றீர்?’ என்று கேட்க, அந்த முதியவரே தம் தந்தை என்றார். தந்தைக்கு விதித்த நிபந்தனையையே மகனுக்கும் விதித்து ஸினான் அனுப்பி வைத்தார்.

நகைச்சுவைக்காகச் சொல்லப்பட்டது போலத் தோன்றினும், இக்கதையில் ஒரு நிர்வாக நெறி அடங்கியிருக்கின்றது. பெரிய மருத்துவருக்கு முழு உரிமை. சிறிய வைத்தியருக்கு எல்லை வகுத்த உரிமை. எல்லையைத் தாண்டுவோருக்கு முஹ்தஸிபின் தண்டனை. மருத்துவம் அறியாத ஒருவர் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால் அதற்கு அவரே பொறுப்பாளி என்னும் கருத்துடைய நபிமொழி அபூதாவூது முதலிய ஹதீஸ் தொகுப்புகளில் இடம்பெற்றுள்ளது. அந்நெறியை நகர நிர்வாகமாக மாற்றியதே 931-ஆம் ஆண்டின் ஆணை எனலாம்.

அதே காலத்தில் வாழ்ந்து 934-இல் மறைந்தவர் அபூ ஸைத் அல் பல்கீ. உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் இணைத்து எழுதிய பேரறிஞர். உடல் நோயுறுவது போல உள்ளமும் நோயுறும் என்றும், உடலுக்கு மருந்து எழுதும் வைத்தியர்கள் உள்ளத்தை மறந்துவிடுகின்றனர் என்றும் அவர் வருந்தினார். காரணம் தெரிந்த துயரையும் காரணம் தெரியாத துயரையும் வேறுபிரித்துக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அணுகுமுறை வேண்டும் என்று எழுதினார். அவருக்குப் பிந்திய நூற்றாண்டுகளில் பீமாரிஸ்தான்கள் எனப்பட்ட மருத்துவமனைகளில் மனநோயாளருக்கெனத் தனிப் பகுதிகள் அமைந்தன. கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284-இல் எழுப்பிய மருத்துவமனை அவற்றுள் பெரும்புகழ் பெற்றது. மனநோயாளரைச் சைத்தானின் கையில் சிக்கியவர் என்று தள்ளிவிடாமல், மருத்துவரின் கையில் ஒப்படைக்க வேண்டியவர் என்று கண்ட மரபு நம்முடையது. இதை நாம் மறந்துவிட்டதனால் நேர்ந்த இழப்பைப் பின்னர்க் காண்போம்.

தமிழகமும் தகுதியைப் பேணாத நாடன்று. பிரம்மதேசத்தை அடுத்த எண்ணாயிரத்தில் முதலாம் இராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, 340 மாணவர்களும் 14 ஆசிரியர்களும் கொண்ட கல்விச்சாலை ஒன்றைப் பற்றிப் பேசுகின்றது. இன்ன பாடத்துக்கு இத்தனை ஆசிரியர், இத்தனை மாணவர், அவர்களுக்கு இவ்வளவு நெல் என்பதெல்லாம் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. அதே நூற்றாண்டில் வீரராஜேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலையையும், அதன் வைத்தியர், அறுவை செய்பவர், மூலிகை கொணர்வோர், நோயாளரைப் பேணும் பெண்கள் ஆகியோரையும், ஒவ்வொருவருக்கும் உரிய ஊதியத்தையும் குறிக்கின்றது. யார் எந்தப் பணிக்கு உரியவர் என்பதை ஊரார் அறியும்படி எழுதி வைத்தனர் நம் முன்னோர்.

ஆங்கிலேயர் ஆட்சியில் மனநோயாளருக்கான இல்லம் ஒன்று சென்னையில் 1794-இல் ஏற்பட்டது. கம்பெனியின் மருத்துவர் வாலன்டைன் கொனோலி என்பவர் அதைத் தொடங்கினார். பிறகு 1871-இல் கீழ்ப்பாக்கத்தில் பெரிய இல்லம் திறக்கப்பட்டது. அதுவே இன்றைய அரசு மனநல மருத்துவமனை. 1858-ஆம் ஆண்டுச் சட்டமும், அதன்பின் வந்த 1912-ஆம் ஆண்டுச் சட்டமும் நோயாளரை எங்கே அடைப்பது, யார் ஆணையால் அடைப்பது என்பவற்றையே பெரிதும் பேசின. மதிலைப் பற்றிய கவலை மனிதரைப் பற்றிய கவலையை மிஞ்சி நின்றது.

இந்தக் குறை நீங்கும் என்ற நம்பிக்கையோடு 1987-இல் மனநலச் சட்டம் இயற்றப்பட்டது. 1993 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. மனநல மருத்துவமனைகளும் மனநலக் காப்பகங்களும் உரிமம் பெற்றே இயங்க வேண்டும் என்று அது விதித்தது. சட்டம் நடைமுறைக்கு வந்து எட்டு ஆண்டுகள் கழிந்தன. அப்போது நேர்ந்தது ஏர்வாடித் துயரம்.

இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் சுல்தான் சையிது இப்ராஹீம் ஷஹீது அவர்களின் தர்கா இருக்கின்றது. பேய் பிடித்தது, ஜின் பிடித்தது, செய்வினை பட்டது என்று எண்ணி, பல சமயத்து மக்களும் தங்கள் வீட்டு நோயாளரை அங்கே அழைத்துவருவது நெடுநாள் வழக்கம். அவர்களைத் தங்க வைத்துப் பார்த்துக்கொள்வதாகக் கூறித் தர்காவைச் சுற்றிலும் தனியார் விடுதிகள் பல முளைத்தன. அவற்றை நடத்தியோருக்கு மருத்துவக் கல்வியும் இல்லை, மனநலப் பயிற்சியும் இல்லை, உரிமமும் இல்லை. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலையில் அவற்றுள் ஒரு விடுதியில், ஓலைக் கொட்டகையில் தீப்பற்றியது. உள்ளே இருந்தோருள் மிகப் பலர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். ஓட இயலாமல் 25 பேர் அங்கேயே மாண்டனர். பின்னர் இறந்தோரையும் சேர்த்தால் 28 பேர். ஒரு வார காலத்துக்குள் அத்தகைய விடுதிகள் மூடப்பட்டன. 500-க்கும் மேற்பட்ட நோயாளர் அரசின் பராமரிப்புக்கு மாற்றப்பட்டனர். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டு, மனநல இல்லங்கள் அனைத்தையும் கணக்கெடுக்குமாறு மாநிலங்களுக்கு 2002-இல் ஆணையிட்டது.

இத்துயரத்தைப் பற்றி எழுதும்போது தர்காவுக்குச் செல்லும் ஏழைத் தாயைக் குறைகூறுவது எளிது; ஆனால் நியாயமன்று. அவள் வேறெங்கே செல்வாள்? அருகில் மருத்துவர் இல்லை. இருந்தாலும் ‘பைத்தியக்கார வீடு’ என்ற ஊர்ப்பேச்சுக்கு அஞ்சினாள். வழிபாட்டுத் தலத்தில் அவளுக்குக் கிடைத்தது ஓர் ஆறுதல். அந்த ஆறுதல் பொய்யென்றும் சொல்ல இயலாது. திண்டுக்கல் பகுதியில் ஒரு கோயிலில் தங்கிய 31 மனநோயாளரை ஆராய்ந்து பெங்களூர் மருத்துவர் குழுவினர் 2002-இல் வெளியிட்ட கட்டுரை, மருந்தின்றியே அவர்களுடைய நோய்க்குறிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன என்று கூறியது. அன்பும் அமைதியும் அச்சமற்ற சூழலும் அங்கே இருந்தன என்பதையும் அக்கட்டுரை குறித்தது. ஏர்வாடி விடுதிகளில் இருந்ததோ சங்கிலி. குற்றம் நம்பிக்கையினுடையதன்று; நம்பி வந்தவரைத் தகுதியற்றவர் கையில் விட்டுவிட்ட சமுதாயத்தினுடையது.

அதன்பின் 2017-இல் மனநலப் பராமரிப்புச் சட்டம் இயற்றப்பட்டு, 2018-இல் நடைமுறைக்கு வந்தது. எவ்விதத்திலும் நோயாளரைச் சங்கிலியால் பிணைத்தல் கூடாது என்று அது வெளிப்படையாகத் தடை விதித்தது. மருத்துவ உளவியலாளர், மனநலச் செவிலியர், மனநலச் சமூகப் பணியாளர் ஆகியோர் மாநில ஆணையத்தில் பதிவு பெற வேண்டும் என்றது. இந்திய மறுவாழ்வுக் கழகம் 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே மருத்துவ உளவியலாளரின் பயிற்சியையும் பதிவையும் ஏற்கெனவே கவனித்து வந்தது. ஆயினும் சட்டங்களின் இத்தனை வாயில்களுக்கும் வெளியே ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அவரே ஆலோசகர் என்னும் ஆற்றுப்படுத்துநர். மனநல மருத்துவர் என்று பெயர்ப்பலகை வைக்க மருத்துவப் பட்டம் வேண்டும். மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்ளப் பதிவெண் வேண்டும். ஆலோசகர் என்று பலகை வைக்கவோ பலகையும் ஆணியும் போதும் என்ற நிலை நெடுங்காலம் நீடித்தது. சில நாள் வகுப்புக்குச் சென்றவரும், பல ஆண்டு பயின்றவரும் ஒரே பெயரால் அழைக்கப்பட்டனர்.

இக்குறையை நீக்க முற்பட்டது 2021-ஆம் ஆண்டின் தேசிய துணைமருத்துவ, உடல்நலத் தொழில்வல்லுநர் ஆணையச் சட்டம். நடத்தைசார் உடல்நலத் துறையினர் என்ற வகையில் உளவியலாளரையும் ஆலோசகரையும் சமூகப் பணியாளரையும் அது தன் அட்டவணையில் சேர்த்தது. துணைமருத்துவத் தொழிலருக்கு 2,000 மணி நேரத்துக்குக் குறையாத படிப்பும், உடல்நலத் தொழில்வல்லுநருக்கு 3,600 மணி நேரத்துக்குக் குறையாத பட்டப்படிப்பும் வேண்டும் என்று வரையறுத்தது. ஆணையமும் மாநிலக் கழகங்களும் பதிவேடும் அமைய வேண்டும் என்றது. பகுதாதின் ஆணையை நினைவூட்டும் சட்டம் இது. ஆனால் பகுதாதில் முஹ்தஸிப் தெருவில் நடந்தார். நம் நாட்டில் சட்டம் காகிதத்திலிருந்து தெருவுக்கு இறங்கப் பல ஆண்டுகள் ஆவதை ஏர்வாடியில் கண்டோம்.

கண்டும் போதிய பாடம் கற்றோமில்லை. 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டத்துக் குண்டலப்புலியூரில், ஆதரவற்றோருக்கும் மனநோயாளருக்குமென நடந்துவந்த ஓர் இல்லத்தில் அதிகாரிகள் நுழைந்தனர். காணாமற்போன முதியவர் ஒருவரைத் தேடி உறவினர் உயர்நீதிமன்றத்தை நாடியதே அதற்குத் தொடக்கம். உரிய உரிமமின்றி நடந்த அவ்வில்லத்திலிருந்து 140-க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர். அடித்தல், பிணைத்தல் முதலிய கடுங்குற்றச்சாட்டுகள் எழுந்து வழக்கும் தொடரப்பட்டது. ஏர்வாடிக்கும் குண்டலப்புலியூருக்கும் இடையே 21 ஆண்டுகள்; சட்டங்கள் மாறின; ‘உங்கள் தகுதி என்ன?’ என்று கேட்கும் பழக்கம் மட்டும் நம்மிடம் வளரவில்லை.

பிற நாடுகளின் நிலையையும் சற்றே நோக்குவோம். அமெரிக்க ஐக்கிய நாடுகளுள் வர்ஜீனியா மாநிலமே ஆலோசகருக்கு உரிமம் வழங்கும் சட்டத்தை 1976-இல் முதன்முதல் இயற்றியது. கடைசி மாநிலமாகிய கலிபோர்னியா 2009-இல் சேர்ந்தது. ஐம்பது மாநிலமும் சேர முப்பத்துமூன்று ஆண்டுகள் ஆயின. பிரிட்டனிலோ ஆலோசகர் என்ற பெயருக்கு இன்றளவும் சட்டப் பாதுகாப்பு இல்லை. தொழிற்சங்கங்கள் தாமே வைத்துள்ள பதிவேடுகளை நம்பியே மக்கள் தேர்ந்துகொள்கின்றனர். ஆகவே இது நமக்கு மட்டும் உரிய குறையன்று.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். அதைப் புறக்கணித்தல் கூடாது. தகுதியை உயர்த்தினால் தகுதியுடையோர் நகரத்தில் மட்டுமே இருப்பர். கிராமத்துக்கு யார் வருவார்? 2015-16-இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, மனநோயாளருள் 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சையே பெறவில்லை என்று கண்டது. இருக்கும் சிலரையும் உரிமத்தின் பெயரால் விரட்டிவிட்டால் ஏழைகளின் கதி என்ன?

நியாயமான கேள்விதான். இதற்கு விடை ஸினானின் முதியவரிடம் இருக்கின்றது. கோவாவின் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில், மருத்துவப் பட்டம் இல்லாத சாதாரண மக்களைத் தேர்ந்து பயிற்சி அளித்து, மனச்சோர்வும் மனப்பதற்றமும் உடையோருக்கு ஆலோசனை கூறச் செய்தனர். நோயாளர் குணமடைவது அதனால் கூடியது என்று 2010-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் அவர்கள் தனித்து விடப்படவில்லை. என்ன செய்ய வேண்டும் என்பது வகுக்கப்பட்டிருந்தது. மேலே மனநல மருத்துவர் ஒருவர் இருந்தார். கடுமையான நோயை அவரிடம் அனுப்பினர். சென்னையில் 1986-இல் தொடங்கிய ‘சிநேகா’ என்னும் தற்கொலைத் தடுப்பு அமைப்பிலும் பயிற்சி பெற்ற தொண்டர்களே துயருற்றோர் சொல்வதைச் செவிமடுக்கின்றனர். தம்மை மருத்துவர் என்று அவர்கள் சொல்லிக்கொள்வதில்லை. ஆகவே தரத்தை உயர்த்துவது என்பது எல்லோருக்கும் பெரிய பட்டம் வேண்டும் என்பதன்று. பயிற்சி, மேற்பார்வை, தன் எல்லையை அறிதல், தவறு நேர்ந்தால் பதில் சொல்லக் கடமைப்படல் ஆகிய நான்கும் ஒவ்வொரு படியில் இருப்போருக்கும் வேண்டும் என்பதே அது.

இந்நெறியை வழிபாட்டுத் தலத்திலும் கடைப்பிடிக்கலாம் என்பதற்குக் குஜராத்தில் சான்றுண்டு. மெஹ்ஸானா மாவட்டத்து உனாவாவிலுள்ள மீரா தாதார் தர்காவில் 2008-இல் ‘தவா–துஆ’ என்ற திட்டம் தொடங்கிற்று. தவா என்பது மருந்து. துஆ என்பது பிரார்த்தனை. தர்காவின் முஜாவர்களுக்கு நோய்க்குறிகளை இனங்காணப் பயிற்சி அளித்தனர். அவர்கள் துஆச் செய்தபின் நோயாளரை அங்கேயே உள்ள மருத்துவரிடம் அனுப்பினர். பின்னர் ஏர்வாடியிலும் அதே முறை பின்பற்றப்பட்டது. சங்கிலி கிடந்த ஊரில் மருத்துவர் அமர்ந்தார். ஓதிப் பார்க்கும் ஆலிமும் லெப்பையும் மருத்துவருக்குப் பகைவராக வேண்டியதில்லை. தம் எல்லை எது என்று அறிந்த நல்ல ஆற்றுப்படுத்துநராக அவர்கள் விளங்கலாம்.

பிரம்மதேசத்தில் ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். கல்லூரிக்குச் சென்ற மகன் உறக்கமின்றித் தனக்குள் பேசுகின்றான். யாரோ தன்னைப் பின்தொடர்வதாக நடுங்குகின்றான். ஒருவர் தாயத்துக் கட்டச் சொல்வார். ஒருவர் பணம் கட்டி இல்லத்தில் விடச் சொல்வார். ஒருவர் தாமே ஆலோசகர் என்று முன்வருவார். அவள் செல்லக்கூடிய இடங்கள் இன்று உண்டு. முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கின்றது. புதுச்சேரியில் ஜிப்மர் இருக்கின்றது. 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் தொலைபேசி மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். மற்ற எவரிடம் செல்லுமுன்னும் அவள் கேட்க வேண்டிய கேள்விகள் சிலவே. நீங்கள் எங்கே பயின்றீர்கள்? உங்கள் பதிவெண் என்ன? உங்களுக்கு மேலே வழிகாட்டுபவர் யார்? எந்த நிலையில் மருத்துவரிடம் அனுப்புவீர்கள்? இல்லமாயின், அதன் உரிமம் எங்கே? பிள்ளையை எப்போது வேண்டுமானாலும் நான் வந்து பார்க்கலாமா?

தகுதியுடையவர் இக்கேள்விகளால் சினம் கொள்ளமாட்டார். அந்தத் தாய்க்கு எழுத்தறிவு இல்லையாயின், அவளுக்காகக் கேட்க வேண்டியவர்கள் நாம். ஜும்ஆப் பள்ளியின் முத்தவல்லியும் ஜமாஅத்தாரும் ஊரில் படித்த இளைஞர்களுமே. திருமணப் பேச்சில் மாப்பிள்ளையின் வருமானத்தை ஐந்து பேரிடம் விசாரிக்கின்ற சமுதாயம், பெற்ற பிள்ளையின் மனத்தை ஒப்படைக்குமுன் ஒரு பதிவெண்ணைக் கேட்பதில் கூச்சப்படுவானேன்?

நல்லியக்கோடனின் நாட்டில் வழி சொன்ன பாணன், தான் சென்று வந்த ஊரையே சொன்னான். செல்லாத ஊருக்கு வழி சொல்லவில்லை. பகுதாதின் முதியவர் தாம் அறிந்த சர்பத்தோடு நின்றார். அந்த நேர்மையைச் சட்டம் கட்டாயமாக்க வேண்டும். சட்டம் வந்து சேருமுன்னரே நாம் அதைக் கேட்டுப் பெற வேண்டும். ஏர்வாடியில் எரிந்துபோன 28 பேருக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் இன்னும் தீரவில்லை.